மல்யுத்தத்தில் எந்த எடைப் பிரிவில் இறங்குவது: 57 கிலோவா, 61 கிலோவா?

உலகச் சாம்பியன்ஷிப் ஆண்கள் ஃப்ரீஸ்டைலில் இரண்டு பிரிவும் உண்டு.

ஒலிம்பிக்: 57 உண்டு. 61 கிடையாது, அடுத்தது 65தான்.

எடை: இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். போட்டி நாள் காலையில் தராசு, அன்றே மல்யுத்தம். இறுதிக்கோ ரெப்பசாஜுக்கோ (இறுதிக்குப் போனவர்களிடம் தோற்றவர்களுக்கு வெண்கலத்துக்கான மறுவாய்ப்புச் சுற்று) போனால் மறுநாள் காலை மீண்டும் தராசு. இடைப்பட்ட இரவில் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க முடியும். 2025 சாக்ரெப் உலகச் சாம்பியன்ஷிப்பில் 57-க்கு வந்த இந்திய வீரர் அமன் செஹ்ராவத், 1.7 கிலோ கூடியதால் களமிறங்காமலே வெளியேற்றப்பட்டார். நல்ல வீரருக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

எதிராளிகள்: 57-இல் ஒலிம்பிக் வீரர்கள் நெருக்குவார்கள். 61-இல் 57-க்கு இறங்க முடியாத வலுவான உடல்கள்.

ஜப்பானின் ரெய் ஹிகுச்சி 2022-இல் 61-இல் உலகப் பட்டம் வென்று, 2024 பாரிஸில் 57-இல் தங்கம் எடுத்தார்.

ஒலிம்பிக் இலக்கும் 60 கிலோவுக்குள் நிற்கும் உடலும் இருந்தால் 57. பயிற்சி எடை 64-ஐத் தொட்டால் 61.