யமஹா எண்டியூரோ 40: தூரக் கடலுக்கு ஏற்றதா?

படகின் பின்புறம் மாட்டும், இரண்டு சிலிண்டர், 703 சிசி, டூ-ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சின். பற்றரி வேண்டாம். கரை தெரியாத தூரத்தில் நின்றுபோனாலும், பிளக் ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் பாதிப் பழுதைப் படகிலேயே தீர்த்துவிடலாம். வட இலங்கையின் பேசாலையிலோ பருத்தித்துறையிலோ கண்ணாடியிழைப் படகில் தூரம் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தகுதி எதுவும் இல்லை.

குறை, பெற்றோல் செலவு. 24 லீற்றர் தாங்கி முழு விசையில் இரண்டு மணி நேரம் வராது. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, எதிர்க்காற்றுக்கு ஒரு பங்கு என்று மூன்றாகப் பிரித்துத்தான் புறப்பட வேண்டும்.

பெற்றோலும் எண்ணெயும் கலக்கும் அளவு 50:1. 24 லீற்றருக்கு 480 மில்லிலீற்றர் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்ற படகு எஞ்சின் எண்ணெய். புது எஞ்சினுக்கு முதல் 10 மணி நேரம் அதன் இரட்டிப்பு. மோட்டார் சைக்கிளுக்குரிய டூ-டி எண்ணெய் வேண்டாம். தண்ணீரில் குளிரும் எஞ்சினில் அது சாம்பல் படிந்து ரிங்கை ஒட்டவைக்கும். மலிவு என்று மண்ணெண்ணெய் கலப்பதும் அப்படித்தான். மண்ணெண்ணெய் மாடலின் அமுக்கம் குறைவு, இதனுடையது அதிகம். தட்டல் கேட்கத் தொடங்கினால் பிஸ்டனுக்கு ஆயுள் இல்லை.

எங்கள் கடலில் இந்த எஞ்சினைக் கொல்வது ஆழமின்மைதான். களப்பிலும் மணல்திட்டிலும் ஓடும்போது எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லர் என்ற ரப்பர்ச் சக்கரம் மணலால் தேயும். பின்பக்கச் சிறு துளையால் பீச்சும் தண்ணீரில் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். மெலிந்தால் விசையைக் குறைத்து, துளையில் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உப்போ மணலோ அடைத்திருக்கும். அதன் பிறகும் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். "கரை கிட்டத்தானே" என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும், பிறகு பிஸ்டன் இறுகும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிடுவது கட்டாயம்.

நடுக்கடலில் திணறினால் முதலில் பெற்றோல் குழாயிலுள்ள ரப்பர்ப் பந்தைப் பிடித்துப் பாருங்கள். சப்பிப்போயிருந்தால் தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறக்கப்படவில்லை, அல்லது குழாய் அடைத்திருக்கிறது. எவ்வளவு அமத்தினாலும் இறுகாவிட்டால் எங்கோ காற்று உள்ளே போகிறது. குழாய் இணைப்பியின் ஓ-ரிங்கைச் சோதியுங்கள். இரண்டும் சரியென்றால் ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். பிளாஸ்ரிக் கானில் கொண்டுபோகும் பெற்றோலில் இது வழக்கம். பிளக் ஈரமாகக் கறுத்திருந்தால் மெதுவாக நெடுநேரம் ஓடியிருக்கிறது அல்லது எண்ணெய் கூடிவிட்டது. வெளிறியிருந்தால்தான் பயப்பட வேண்டும்: எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை அல்லது காற்றுக் கசிவு. மாற்று பிளக் இரண்டு ஜோடி, இம்பெல்லர் ஒன்று, ஓ-ரிங், கொட்டர் பின், ஃப்ளைவீலில் சுற்றியிழுக்க முடிச்சுப் போட்ட கயிறு. இவை இல்லாமல் தூரம் போகாதீர்கள்.

முழு விசையில் நிமிடத்துக்கு 4500 முதல் 5500 சுற்று வர வேண்டும். வலையும் ஐஸும் ஏற்றிய படகில் 4500ஐத் தொடாவிட்டால் எஞ்சினைக் குறை சொல்லாமல் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லர் போடுங்கள்.

கியர் எண்ணெயை 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கீழ்த் துளையால் ஏற்றி, மேல் துளையால் வழிந்ததும் மேல் திருகை முதலில் பூட்டினால் காற்று தங்காது. வெளிவரும் எண்ணெய் பால்போல இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. புரொப்பெல்லரைக் கழற்றினால், சுற்றிய தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுத்திருப்பது பெரும்பாலும் தெரியும். பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் அந்தக் கீழ்த் திருகைச் சற்றுத் தளர்த்திக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் வேறு எஞ்சின் பார்க்கலாம்.