இதய வடிவ இலைச் செடியா? காம்பின் அடியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

பதினான்கு மாதங்களாக ஒரே ஓர் இலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். செடி என்று சொல்லித்தான் அதை என்னிடம் விற்றார்கள்.

ஹோயா கெர்ரி என்று பெயர். தென்கிழக்கு ஆசியக் காடுகளின் கொடி. எருக்கும் அரளியும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். கிள்ளினால் பால் வடியும். தடித்த இலை, அச்சு வார்த்ததுபோல இதய வடிவம். அந்த அழகுக்காகவே ஒற்றை இலையைச் சிறு தொட்டியில் நிறுத்திப் பரிசுப் பொருளாக விற்கிறார்கள். நான் வாங்கிய இணைய விற்பனையாளர் அந்த இலையின் படத்துக்குப் பக்கத்தில், ஜன்னலை மறைத்துப் படர்ந்து கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும் ஒரு கொடியின் படத்தையும் போட்டிருந்தார். "வளர்ந்தபின் இப்படி இருக்கும்" என்று கீழே ஒரு வரி. உண்மையில் நான் பணம் கொடுத்தது அந்த ஒரு வரிக்குத்தான்.

வந்த தொட்டி பார்க்க லட்சணமாக இருந்தது. மண்ணின்மேல் வெள்ளைக் கூழாங்கற்கள். ஈரம் பார்ப்பதற்காக ஒரு கல்லை விரலால் நகர்த்தினேன்; அசையவில்லை. எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடியதே தவிர நடுவில் இறங்கவில்லை. பெட்டியில் கல் சிதறக்கூடாது என்பதற்காக ஒட்டியிருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கரண்டியால் நெம்பி எடுத்துப் போட்டேன். காம்பின் அடியை யாரும் பார்த்துவிடாமல் இருக்கவும் அந்தப் பசை உதவுகிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதன்பின் குறை வைக்கவில்லை. நேர் வெயில் படாத வெளிச்சம், மண் நன்றாகக் காய்ந்தபின் மட்டும் தண்ணீர், அடியில் துளையுள்ள தொட்டி. இலையும் பளபளவென்று இருந்தது. ஆறு மாதமாகியும் துளிர் வராததால் தொலைபேசியில் கேட்டேன். "இந்த வகையே மெதுவாகத்தான் வளரும் மேடம், பொறுமை வேண்டும்" என்றார். அது பொய்யில்லை, தண்டோடு இருக்கும் நல்ல கன்றுகூட மெதுவாகத்தான் வளரும். அடுத்த முறை கேட்டபோது, "ஊட்டம் போதவில்லை" என்று சொல்லி ஒரு வளர்ச்சித் திரவத்தையும் என் தலையில் கட்டினார். அதையும் அளவு பார்த்து ஊற்றினேன். இலை இன்னும் கொஞ்சம் பளபளத்தது, அவ்வளவுதான்.

பதினான்காம் மாதம் பொறுமை போய், தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதறினேன். வேர் இருந்தது, வெள்ளையாக, விரல் நீளத்துக்கு. அதற்கு மேலே காம்பு. காம்பின் முனையில் வெட்டுக்காயம் ஆறித் தழும்பான ஒரு முடிச்சு. தண்டு என்று சொல்ல ஒரு நகக்கண் அளவு கூட இல்லை.

இந்தக் கொடியில் புதுத் துளிர், இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில் இருக்கும் மொட்டிலிருந்துதான் கிளம்பும். கணுவை விட்டுவிட்டு இலையை மட்டும் கிள்ளி நட்டால் வேர் பிடிக்கும், பச்சையாக இருக்கும், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. கணுவில்லாத கரும்புத் துண்டை நட்ட கதைதான். இல்லாத மொட்டை எந்த உரமும் உண்டாக்காது. இலை அழுகியிருந்தால் முதல் மாதமே சண்டை போட்டிருப்பேன். அது வருடக்கணக்கில் ஆரோக்கியமாக நிற்பதுதான் இந்த வியாபாரத்துக்கு வசதி. திருப்பி அனுப்பும் கெடு என்றோ முடிந்துவிடும்.

மறுபடி அழைத்தேன். "சதைப்பற்றுச் செடிகள் எல்லாம் இலையிலிருந்தே முளைக்கும் மேடம், ரணகள்ளியைப் பார்த்ததில்லையா?" என்று என்னிடமே பாடம் எடுத்தார். பாதி உண்மை என்பதால் இதுதான் ஆபத்தான பேச்சு. ரணகள்ளியின் இலை விளிம்பிலேயே குட்டிச் செடிகள் முளைக்கும். ரோஜாப்பூ அடுக்குப்போல இருக்கும் எச்சவேரியாவிலும், இலையை அடியோடு முழுதாகக் கழற்றி வைத்தால் பெரும்பாலும் குட்டி வரும். ஹோயா அந்த ரகம் இல்லை. இதைச் செடி விற்பவருக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், காம்பு மண்ணில் இறங்கும் இடத்தின் படத்தை முதலில் கேளுங்கள். குறுக்கே ஒரு துண்டுத் தண்டு தெரிய வேண்டும். அதைவிட நல்லது, ஒரே தண்டில் இரண்டு மூன்று இலைகளோடு இருக்கும் கன்று. விலை கூடுதலாக இருந்தாலும் அதுதான் செடி. கல் ஒட்டிய தொட்டி என்றால் தொடவே வேண்டாம். ஒற்றை இலையை அலங்காரமாக வைக்கத்தான் ஆசை என்றால் அது உங்கள் விருப்பம், எனக்கு அதில் சண்டை இல்லை. "இலை மட்டும், வளராது" என்று எழுதி விற்றிருந்தால் நானும் சண்டைக்குப் போயிருக்க மாட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "அது முடியாது மேடம், வேண்டுமானால் இன்னொரு இலை அனுப்பி வைக்கிறேன்" என்றார். பழைய இலையை மறுபடி நட்டு ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். அதன்மேல் எனக்கு என்ன கோபம்? திரவப் புட்டியில்தான் இன்னும் முக்கால்வாசி மிச்சம்.