கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி: ஆறாம் வகுப்பிலிருந்து கடைசி வகுப்பு வரை ஒரு பயன்பாட்டு அனுபவம்

சேர்க்கை நாளில் கையில் தரும் சிற்றேட்டில் எல்லாக் கத்தோலிக்கப் பள்ளிகளும் ஒரே குரலில்தான் பேசும். ஒழுக்கம், சேவை, நேர்மை, இறைப்பற்று. ஆறாம் வகுப்பில் நுழைந்த பிள்ளை கடைசி வகுப்பை முடித்து வெளியே வரும்போதுதான் அதில் எது நடப்பில் இருந்தது, எது சுவரெழுத்தாக மட்டும் இருந்தது என்று பிரிந்து தெரியும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்கள் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். சிற்றேட்டில் சொன்ன விழுமியத்துக்கு வாரத்தில் ஒரு பாடவேளை உண்டா, பொறுப்பாக ஓர் ஆசிரியர் உண்டா, அவர் விடுப்பில் போனால் யார் பார்ப்பார்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்த விழுமியம் உயிரோடு இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் இரண்டாம் பருவத்தில் அந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொண்டிருப்பார்.

அதற்கும் முன்னால், பள்ளி யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் புனிதர் பெயர் இருந்தால் போதாது. ஆங்கிலிக்கன் பள்ளிகளுக்கும் புனிதர் பெயர் உண்டு. எந்தச் சபையோடும் தொடர்பில்லாத தனியார் பள்ளிகளும் வைத்துக்கொள்கின்றன. 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 803ஆவது சட்டம், நடைமுறையில் கத்தோலிக்கப் பள்ளியாகவே இருந்தாலும் உரிய திருச்சபை அதிகாரியின் இசைவு இல்லாமல் அந்தப் பெயரைச் சூடக் கூடாது என்கிறது. இசைவு பெற்ற பள்ளிகளிலும் மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதி) நடத்துவது ஒரு வகை, துறவற சபை நடத்துவது இன்னொரு வகை. மறைமாவட்டப் பள்ளியின் நாள்காட்டி பெரும்பாலும் பங்கின் (உள்ளூர்க் கோயில் சமூகத்தின்) நாள்காட்டியோடு பின்னிக்கிடக்கும். பங்குத் திருவிழா என்றால் பள்ளி மைதானம் போகும், அரங்கம் போகும், ஒலிபெருக்கியும் போகும். சபைப் பள்ளியில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அங்கே நிறுவியவரின் பழக்கவழக்கம் எல்லாவற்றிலும் ஊறியிருக்கும். அந்தப் பழக்கம் நம் பிள்ளைக்குப் பொருந்துமா என்பதுதான் உண்மையான கேள்வி.

இயேசு சபையினர் (ஜெசூட் துறவிகள்) பொதுமக்களின் பிள்ளைகளுக்கென்று 1548இல் சிசிலியின் மெசினாவில் கல்லூரி தொடங்கினார்கள். 1599இல் தங்கள் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடமுறையை வகுத்து வெளியிட்டார்கள். படித்ததை மறுநாள் திரும்பச் சொல்லவைப்பது, வாதம், மேடைப்பேச்சு, நாடகம் எல்லாம் அதில் உண்டு. இன்றும் இயேசு சபைப் பள்ளி என்றால் பேச்சும் எழுத்தும் கூர்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். கோளாறு வருவது ஒரே இடத்தில்: மேடையில் ஆண்டு முழுவதும் அதே ஐந்து பேர். விவாதப் போட்டிக்குப் பரிசு வாங்கிய கோப்பைகளை எண்ணாமல், ஒரு வகுப்பில் எத்தனை பேர் இந்த ஆண்டு ஒருமுறையாவது எழுந்து நின்று பேசினார்கள் என்று கேட்டால் நிலவரம் தெரியும்.

பிரெஞ்சுக் குரு தெ லசால் தொடங்கிய சகோதரர்களின் மரபு வேறு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கு இலத்தீனுக்கு முன்னால் தாய்மொழியில் வாசிக்கக் கற்பித்தவர்கள். ஒவ்வொரு பிள்ளையாக மேசைக்கு அழைத்துப் பாடம் கேட்பதை விட்டு, முழு வகுப்புக்கும் ஒன்றாகக் கற்பிக்கும் முறையை அவர்கள் உறுதியாகக் கையாண்டார்கள். ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும் என்பதற்காக மரத்தாலான ஒரு சிறு ஒலிக்கருவியால் சைகை காட்டுவார்கள். கருவி போய்விட்டது, அமைதியான வகுப்பு என்ற எதிர்பார்ப்பு நிலைத்துவிட்டது. கூச்சமுள்ள பிள்ளைக்கு அது நிழல் மாதிரி. துறுதுறுவென்று கேள்வி கேட்கும் பிள்ளைக்கு முதல் ஆண்டு கொஞ்சம் மூச்சுமுட்டும்.

இத்தாலியக் குரு தொன் போஸ்கோவின் பள்ளிகளை மதிப்பிட வகுப்பறைக்குள் போகவே வேண்டாம், இடைவேளையில் மைதானத்தைப் பார்த்தால் போதும். 19ஆம் நூற்றாண்டில் தூரின் நகரின் வால்தோக்கோவில் வேலைதேடி வந்த இளைஞர்களோடு தொடங்கியவர் அவர். தவறு நடந்தபின் தண்டிப்பதைவிட நடக்காமல் உடனிருப்பதே மேல் என்ற தன் முறையை 1877இல் எழுதிவைத்தார். அறிவு, சமயம், கனிவன்பு என்று மூன்று தூண்கள். நடைமுறையில் இதன் பொருள், இடைவேளையில் ஆசிரியர்கள் ஓய்வறையில் அல்ல, பிள்ளைகள் நடுவில் இருப்பது. 600 பிள்ளைகள் விளையாடும் மைதானத்தில் ஒரே ஒரு உடற்கல்வி ஆசிரியர் விசிலோடு நிற்கிறார் என்றால், வாசலில் சிலை மட்டும் தொன் போஸ்கோவுடையது.

பெண்கல்வி மரபு இவற்றைவிட இளையது என்று பலர் நினைப்பது தவறு. ஆஞ்செலா மெரிச்சி உர்சுலைன் என்ற பெண்கள் குழுமத்தை இத்தாலியின் பிரெஷியாவில் தொடங்கியது 1535இல்; அப்போது இயேசு சபையே இன்னும் அங்கீகாரம் பெற்றிருக்கவில்லை. ஆங்கிலேயரான மேரி வார்டு 1609இல் இன்றைய பிரான்சின் சென்ட் ஓமரில் தன் பெண்துறவியர் குழுவைத் தொடங்கியபோது, பெண்பிள்ளைகளுக்கு இலத்தீன் எதற்கு என்று கேட்டவர்கள் திருச்சபைக்குள்ளேயே இருந்தார்கள்.

வரலாற்றைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. பள்ளிச் சின்னத்தில் போட்டிருக்கும் ஆண்டு எதன் ஆண்டு என்று கேளுங்கள். சபை உலகில் தோன்றிய ஆண்டு, இந்த இடத்தில் முதல் தொடக்க வகுப்பு நடந்த ஆண்டு, உயர்நிலைப் பள்ளியாக அங்கீகாரம் கிடைத்த ஆண்டு என மூன்று உண்டு. விளம்பரத்தில் வருவது இருப்பதிலேயே பழையது. 1773இல் கலைக்கப்பட்டு 1814இல் மீண்டும் நிறுவப்பட்ட இயேசு சபையின் பழைய பள்ளிகளில், நடுவே யார் நடத்தினார்கள் என்பது தனிக் கதை. சேர்க்கைக்குப் பயன்படுவது மூன்றாவது ஆண்டுதான். மேல்வகுப்புகளுக்கான ஆய்வகமும் ஆசிரியர்களும் அதற்குப் பிறகே வந்திருப்பார்கள்.

அன்றாட நடப்புக்கு வருவோம். இயேசு சபைப் பள்ளிகள் பலவற்றில் மதியம் ஐந்து நிமிட ஆன்ம சோதனை உண்டு. நன்றி சொல்வது, ஒளி கேட்பது, காலையிலிருந்து நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்ப்பது, தவறியதற்கு வருந்துவது, மிச்ச நாளுக்கு ஒரு தீர்மானம் எடுப்பது என்று ஐந்து படி. நன்றாக நடந்தால், பள்ளி தரும் பழக்கங்களில் கடைசிவரை கூட வருவது இதுதான்; சமயம் வேறான பிள்ளைகளும் கண்ணை மூடி உட்காருவதில் சிரமமில்லை. கெட்டுப்போவது எப்படி என்றால், உணவு இடைவேளை முடிந்த மணியும் ஒலிபெருக்கிக் குரலும் ஒரே நிமிடத்தில் வரும்போது. பாதிப் பேர் கைகழுவும் இடத்தில், மீதிப் பேர் படிக்கட்டில், வகுப்பில் ஆசிரியர் நோட்டு திருத்திக்கொண்டிருப்பார். மணிக்கும் குரலுக்கும் இடையில் நான்கு நிமிடம் விட்டு, அந்தந்த வகுப்பு ஆசிரியரே மெதுவான குரலில் நடத்தினால் சரியாகிவிடும். ஒலிபெருக்கியில் ஆண்டவரைத் தேடச் சொல்வது எப்போதுமே கொஞ்சம் அபத்தம்தான்.

மாதத்தின் முதல் வெள்ளியில் திருப்பலி (பூசை) பல பள்ளிகளில் உண்டு. 45 நிமிடம் என்பார்கள். வரிசையில் வந்து உட்கார்ந்து, முடிந்து, வரிசையில் திரும்பிப் போவதையும் சேர்த்தால் இரண்டு பாடவேளை. பத்து மாதத்தில் 20 பாடவேளை. எப்போதும் வெள்ளி காலை முதல் இரண்டு வேளை என்று வைத்தால், ஒரு வகுப்புக்கு வேதியியல் செய்முறையும் இன்னொன்றுக்கு ஆங்கிலமும் ஆண்டு முழுவதும் அடிவாங்கும். பிள்ளை ஒரே பாடத்தில் பின்தங்குவதற்கு இதுவே காரணம் என்பது பெற்றோருக்குத் தெரியவே தெரியாது. அந்த வெள்ளிக்கு மட்டும் பாடவேளை வரிசையை மாதாமாதம் சுழற்றினால் இழப்பு பரவிவிடும். தவக்காலத்து ஒப்புரவுக்கும் (குருவிடம் தனித்தனியே பாவ அறிக்கை செய்வது) இதே கணக்குத்தான்: பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்றாலும் 40 பேருக்கு இரண்டு மணி நேரம். ஒரே குருவை வைத்து ஒரே நாளில் முழுப் பள்ளிக்கும் முடிக்கத் திட்டமிடும் பள்ளி, அந்த அருட்சாதனத்தை மதிப்பதாகச் சொல்ல முடியாது.

கத்தோலிக்கரல்லாத பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்பதில் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு அதிகம். மறைக்கல்வி நடக்கும் அதே வேளையில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்பது பரவலான முறை. நம்பிக்கையில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்களின் பேரவை) 1965இல் சொன்னது, திருச்சபைச் சட்டத்திலும் இருக்கிறது. அதனால் இதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. திருப்பலியின்போது பின்வரிசையில் அமைதியாக உட்காரலாம் அல்லது வகுப்பில் ஒரு வேலையோடு இருக்கலாம், இரண்டுமே சரி. சொல்லிக்கொடுக்காமல் வரிசையில் நிறுத்தி, நற்கருணை (அர்ச்சித்த அப்பம்) வழங்கும் நேரத்தில் பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பதுதான் தவறு. நன்னெறி வகுப்பைப் பற்றி ஒன்றே ஒன்று: பாடநூலை வரிவரியாக வாசிப்பதும் கேள்விபதில் எழுதுவதும்தான் நடக்கிறது என்றால் அந்த நேரத்தை நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம்.

சேவை நோட்டைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். பெரும்பாலான நோட்டுகளில் தேதி, இடம், மணிக்கணக்கு, கையெழுத்து என்று நான்கு கட்டம் இருக்கும். இந்த நோட்டு பொய்யை வளர்க்கும். 40 பேரை ஒரே வண்டியில் முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போய், இரண்டு பாட்டு, ஒரு பழப்பை, ஒரு படம். ‘மூன்று மணி நேரம்’ என்று எழுதிக் கையெழுத்து. கிறிஸ்துமஸ் மாதத்தில் ஒரே இல்லத்துக்கு நான்கு பள்ளிகள் வரும், மற்ற மாதங்களில் எட்டிப் பார்க்க ஆளிருக்காது. உருப்படியாக நடத்தும் பள்ளிகளில் ஐந்து பேர் கொண்ட குழு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே இடம், அதே மனிதர்கள். நோட்டிலும் கட்டங்கள் வேறு: யாரைச் சந்தித்தோம், என்ன செய்தோம், எதைச் செய்ய முடியவில்லை. மூன்றாவது கட்டத்தில் ‘அவர் காது கேட்கவில்லை என்றார், நான் சத்தமாகப் பேசக் கூச்சப்பட்டேன்’ என்று ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுதியிருந்தால், அந்தப் பள்ளியைப் பற்றி வேறு விசாரிக்க வேண்டியதில்லை.

வசதிகள். பழைய சபைக் கட்டடங்களின் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் வெயிலுக்கு நல்லது, காதுக்குக் கெட்டது. வெற்றுச் சுவரும் கல்தரையும் உள்ள உயர்ந்த அறையில் எதிரொலி நீளும். கடைசி இரண்டு வரிசைக்கு மெய்யெழுத்துகள் குழம்பும். பின்சுவரில் துணிப்பலகைகளைப் பரவலாக மாட்டினாலே கணிசமாகக் குறையும். சரிவுப்பாதையும் மின்தூக்கியும் இல்லாத மாடி வகுப்புகளும் பழைய கட்டடத்தின் தீராக் குறை. கால் முறிந்த பிள்ளைக்காக வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றுவீர்களா என்று கேட்டால் பள்ளியின் மனம் தெரியும்.

ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளின் பளபளப்பை நம்ப வேண்டாம். கண்கழுவும் குழாயைத் திறந்து பாருங்கள். அமிலம் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து கழுவ வேண்டும். பல இடங்களில் முதலில் வருவது துருத்தண்ணீர். வாரம் ஒருமுறை திறந்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

நூலகத்துக்கு ஒரே சோதனை. ஏதாவது பத்துப் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் புரட்டுங்கள். முத்திரை இந்தக் கல்வியாண்டில் விழுந்திருக்கிறதா, இல்லை பழுப்பேறிய தாளில் ஏழெட்டு ஆண்டுக்கு முன் நின்றுவிட்டதா? பள்ளியின் பெருமைக்குரிய கலைக்களஞ்சிய வரிசை கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கும். சாவி எங்கே என்பது பெரும்பாலும் விடுப்பில் இருப்பவருக்குத்தான் தெரியும். சிற்றாலயத்துக்கும் அதே சாவிக் கேள்விதான். தேர்வு நாளில் ஒரு பிள்ளை இரண்டு நிமிடம் உள்ளே போய் உட்கார முடிகிறதா, அல்லது விழா மேடைப் பொருட்கள் அடுக்கிய அறையாகிவிட்டதா? கெபியில் (மாதா சிலை வைத்த குகையில்) மெழுகுவர்த்தி எரிவதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம், அது வெளியாட்கள் ஏற்றியதாக இருக்கலாம்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் சலுகை காட்டவே கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் பிறப்பித்த ஆணை, குருக்களும் துறவியரும் சம்பந்தப்பட்ட புகார்களைப் பெற ஒவ்வொரு மறைமாவட்டமும் மக்கள் எளிதில் அணுகும் வழியை ஏற்படுத்த வேண்டும் என்றது. பள்ளி அளவில் பார்க்க வேண்டியவை: புகார் பெறும் இருவர் பெயரும் எண்ணும் அறிவிப்புப் பலகையில், அவர்களில் ஒருவராவது மடத்துக்கு வெளியே வசிப்பவர், ஆலோசனை அறையின் கதவில் கண்ணாடி, நாட்டுச் சட்டப்படி காவல்துறைக்குப் போக வேண்டியது முதலில் அங்கே போகும் என்ற எழுத்து. ‘நாங்கள் குடும்பம் மாதிரி’ என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, இந்தப் பள்ளிகளின் பெரிய பலவீனம். சபையின் மாநிலத் தலைவரிடமிருந்து ஒரு கடிதம் வரும், தலைமையாசிரியர் சில ஆண்டுகளில் மாறிப் போவார். அவர் தொடங்கிய மாலை வாசிப்பு, சேவைக் குழு, ஒப்புரவுக்கு மூன்று குருக்கள் என்ற ஏற்பாடு எல்லாம் அவர் தலையில் மட்டும் இருந்திருந்தால் அவரோடு வண்டியேறிவிடும். நீண்டகாலம் நிலைப்பவை பொதுநிலை (துறவியோ குருவோ அல்லாத) ஆசிரியர் ஒருவர் கையில், எழுதிவைத்த வழிமுறையோடு இருப்பவையே. புதியவர் வந்த ஆண்டில், கால அட்டவணை வந்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காணாமல் போன பாடவேளையைப் பற்றி முதல் பெற்றோர் கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்குள் அந்த இடத்தில் வேறொரு பாடம் வேர்விட்டிருக்கும்.