செமி ஆட்டோ அனலைசரோடு ஆறு வருடம்: அந்த 340 ஃபில்டர் கதை

வேளாங்கண்ணியில் ரத்தப் பரிசோதனை லேப் போடப்போகும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். “அண்ணே, நீங்க வச்சிருக்கிற மிஷினையே வாங்கிடலாம்னு இருக்கேன், இப்ப விலை வேற குறைச்சிருக்காங்க, எப்படி உழைக்குது?” அவர் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் சர்வீஸ் இன்ஜினியர் பில்லை மேசைமேல் வைத்துவிட்டுத் திருச்சிக்குப் பஸ் ஏறியிருந்தார். வாயில் வந்ததைச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதையே இப்போது கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். மிஷின் என்றது செமி ஆட்டோ அனலைசரை, ரத்தத்தில் சுகர், கொலஸ்ட்ரால் மாதிரியானவற்றை ஒளியை வைத்து அளப்பது. கம்பெனி பெயர் எழுதப்போவதில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம். இந்த ரகத்தில் எந்த மிஷினைத் திறந்தாலும் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஹாலஜன் பல்பு, சக்கரத்தில் ஒவ்வொன்றும் ஒரு அலைநீள ஒளியை மட்டும் விடுகிற ஏழெட்டு ஃபில்டர் (340 என்றால் 340 நானோமீட்டர்), கலவை நின்று ஒளி கடக்கிற ஃப்ளோ செல், வந்த ஒளியை அளக்கிற டிடெக்டர், சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) கலந்த ரீஏஜென்டை, அதாவது சோதனைக்கான ரசாயனக் கரைசலை, உறிஞ்சுகிற பம்ப்.

என் லேப் நாகப்பட்டினத்தில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். மிஷின் வாங்கியது 2019இல், கஜா புயலுக்கு மறு வருடம். அதுவரை பழைய கலரிமீட்டரில் டியூபைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தவனுக்கு இது பெரிய விடுதலை. 500 மைக்ரோலிட்டர் உறிஞ்சினால் போதும், 37 டிகிரியில் தானே வைத்துக்கொள்ளும், ஈரல் பாதிப்பைக் காட்டுகிற என்சைமான எஸ்.ஜி.பி.டி. போட்டால் நிமிடத்துக்கு நிமிடம் அப்சார்பன்ஸ் (கலவை ஒளியை உறிஞ்சும் அளவு) இறங்குவது திரையில் கோடாகத் தெரியும். அந்தக் கோடு வளைந்திருந்தால் ரிசல்ட்டை நம்பாதே என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் காட்டிக் கற்றுக்கொடுக்க முடிகிறது, கலரிமீட்டரில் அதெல்லாம் கனவு. ஃப்ளோ செல்லில் காற்றுக்குமிழி மாட்டுவது, பம்ப் டியூப் தளர்ந்துபோவது எல்லாம் உண்டுதான், ஆனால் அதெல்லாம் மாவரைக்கிற மிஷினுக்குப் பெல்ட் மாற்றுவது மாதிரி, குறை என்று சொல்ல மாட்டேன்.

குறை வேறு. அது வந்த விதத்தைச் சொன்னால்தான் என் கோபம் புரியும்.

எங்கள் லேபில் தினமும் காலையில் இரண்டு லெவல் கன்ட்ரோல், அதாவது என்ன எண் வர வேண்டும் என்று முன்பே தெரிந்த சீரம், போடுவோம். பவுடராக வரும், 5 மில்லி டிஸ்டில்டு வாட்டர் சரியாக அளந்து விட்டு, குலுக்காமல் மெல்லச் சுழற்றி, அரை மணி நேரம் வைத்து, சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துக்கொள்வோம். மிஷினுக்குள்ளேயே க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) பக்கம் இருக்கிறது. அன்றன்றைய எண் சராசரிக்கு இரண்டு எஸ்.டி.க்குள் (எஸ்.டி. என்பது எண்கள் வழக்கமாகச் சிதறும் அளவு, ஸ்டாண்டர்டு டீவியேஷன்) இருந்தால் ‘பாஸ்’ என்று காட்டும், அவ்வளவுதான் அதன் அறிவு. எங்கள் டெக்னீஷியன் பெண் அதை நம்பாமல் கிராஃப் பேப்பரில் பேனாவால் புள்ளி வைப்பாள். 1950இல் லெவி, ஜென்னிங்ஸ் இருவரும் லேபுக்குக் கொண்டுவந்த அதே சார்ட்தான்: நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் மும்மூன்று எஸ்.டி. கோடுகள். எதற்கு இந்த வேலை, மிஷினே காட்டுகிறதே என்று நானே இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எஸ்.ஜி.பி.டி. கன்ட்ரோலுக்கு எங்கள் சராசரி 44, எஸ்.டி. 2.2. அதாவது 39.6 முதல் 48.4 வரை எது வந்தாலும் மிஷின் பாஸ் போடும். போன வருடம் ஐப்பசி மழை முடிந்து கொஞ்ச நாளில் 42.8, 43.1, 42, 41.6 என்று வந்துகொண்டே இருந்தது. எல்லாம் பாஸ். பதினோராவது நாள் அந்தப் பெண் சார்ட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, “சார், ஒரு புள்ளிகூடக் கோட்டுக்கு மேல போகல, பாருங்க” என்றாள். வெஸ்ட்கார்டு 1981இல் எழுதிய விதிகளில் இதற்கென்றே ஒன்று இருக்கிறது, பத்துப் புள்ளி தொடர்ந்து ஒரே பக்கம் விழுந்தால் ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பரீட்சைக்குப் படித்ததுதான். நான் என்ன செய்தேன்? இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்றேன்.

இதற்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டு எஸ்.டி. தாண்டினாலே நிறுத்து என்று வைத்துக்கொண்டால், தினமும் இரண்டு கன்ட்ரோல் போடுகிற லேபில், மிஷினில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே நூறு நாளில் ஒன்பது நாள் மணி அடிக்கும். அப்படி அடித்து அடித்து, திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்ற மெத்தனம் எல்லா லேப்காரருக்கும் வந்துவிடுகிறது. ஒரு புள்ளி தாண்டினால் சும்மா, பத்துப் புள்ளி ஒதுங்கினால்தான் விஷயம் என்று புரிய எனக்கு ஒரு பில் தேவைப்பட்டது.

அப்புறம் 39.1, மறுநாள் 38.9. இரண்டு நாள் தொடர்ந்து இரண்டு எஸ்.டி.க்குக் கீழே. அதற்கு மறுநாள் 36. மூன்று எஸ்.டி.யும் போயாயிற்று. அதே வாரம் வேலூர் சி.எம்.சி. நடத்துகிற வெளித் தரச்சோதனையின் அறிக்கை வந்தது, எங்கள் எஸ்.ஜி.பி.டி. மற்ற லேப்களின் சராசரியிலிருந்து எங்கோ கீழே கிடந்தது. அன்றே எஸ்.ஜி.பி.டி., அதே வகைச் சோதனையான எஸ்.ஜி.ஓ.டி. இரண்டையும் நிறுத்திவிட்டுத் தேட ஆரம்பித்தோம்.

முதலில் கிட், அதாவது ரீஏஜென்ட் பெட்டி. புது லாட் வாங்கிப் போட்டோம், அதே 36. புது கன்ட்ரோல் பாட்டில் திறந்தோம், 35.5. அடுத்த சந்தேகம் சீரத்தை அளந்து விடுகிற பிப்பெட். எஸ்.ஜி.பி.டி.க்கு 100 மைக்ரோலிட்டர் சீரம் போகிறது, அது 80 ஆகிவிட்டிருந்தால்? என்னிடம் மில்லிகிராம் தராசு கிடையாது. கடைத்தெருவில் தெரிந்த நகைக்கடையில் போய், டிஸ்டில்டு வாட்டரைப் பத்து தடவை நூறு நூறாக விட்டு எடை போட்டேன். கிட்டத்தட்ட ஒரு கிராம் வர வேண்டும், 0.994 வந்தது. தங்கம் வாங்க வந்திருந்த அம்மா, தம்பி என்ன தண்ணியை எடை போடுறார் என்று கடைக்காரரிடம் கேட்டார். பிப்பெட் சுத்தம்.

மிஷின் கம்பெனிக்குப் போன் போட்டால் போனிலேயே தீர்ப்பு: “சார், ரீஏஜென்ட் ப்ராப்ளமா இருக்கும்.” கிட் கம்பெனிக்குப் போட்டால் “சார், இன்ஸ்ட்ருமென்ட்டைச் செக் பண்ணுங்க.” இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவே எத்தனை லேப்காரர்கள் வாழ்க்கையைக் கழிக்கிறார்களோ தெரியாது. நான்கு நாள் கழித்து இன்ஜினியர் வந்தார். வந்ததும் பல்பை மாற்றினார். பல்புக்குக் காசு, வந்ததற்குக் காசு. கன்ட்ரோல் போட்டால் 36. “ஸ்டெபிலைஸ் ஆகட்டும் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி டீயைக் குடித்துக்கொண்டே பழைய சார்ட்டுகளை எல்லாம் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தேன். சுகர் நன்றாக இருக்கிறது, கொலஸ்ட்ரால் நன்றாக இருக்கிறது. சரி, அதெல்லாம் 505 நானோமீட்டர், வேறு ஃபில்டர். ஏ.எல்.பி. (இன்னொரு ஈரல் சோதனை) 405, அதுவும் நன்றாக இருக்கிறது. ஏ.எல்.பி.யும் என்சைம்தான், சூடு குறைந்திருந்தால் அதுவும் சேர்ந்து இறங்கியிருக்க வேண்டும், ஆக டெம்பரேச்சர் தப்பித்தது. எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் 340. அப்படியென்றால் 340 ஃபில்டர்தானே? ஆனால் யூரியாவும் 340தான், அது கோட்டின்மேல் அழகாக உட்கார்ந்திருக்கிறது. இங்கேதான் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டேன்.

விடை கணக்கில் இருந்தது. யூரியாவை அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசலோடு போடுகிறோம்: டெஸ்ட்டின் மாற்றத்தை ஸ்டாண்டர்டின் மாற்றத்தால் வகுத்து, ஸ்டாண்டர்டின் அளவால் பெருக்க வேண்டும். மிஷின் இரண்டையும் ஒரே மாதிரி குறைத்துக் காட்டினால், வகுக்கும்போது தவறு மேலும் கீழும் அடிபட்டுப்போகும். எஸ்.ஜி.பி.டி.க்கு ஸ்டாண்டர்டு கிடையாது, ஃபேக்டர் என்கிற பெருக்கும் எண் மட்டும்தான். 1.1 மில்லி மொத்தக் கலவையில் 0.1 மில்லி சீரம், சோதனையில் தீர்ந்துகொண்டே வருகிற என்.ஏ.டி.எச். என்ற பொருள் 340இல் ஒளியை உறிஞ்சும் திறன் 6.22: 1.1ஐ 1000ஆல் பெருக்கி, 6.22ஐ 0.1ஆல் பெருக்கி வந்ததால் வகுத்தால் 1768. நிமிடத்துக்கு இவ்வளவு இறங்கியது என்று மிஷின் சொல்வதை 1768ஆல் பெருக்கி நாம் பேஷண்ட்டிடம் கொடுக்கிறோம். மிஷின் சரியாகப் பார்க்கிறது என்று நம்பித்தான் அந்த எண்ணே நிற்கிறது. பார்வை மங்கினால் யூரியாவில் மறைந்துவிடும், எஸ்.ஜி.பி.டி.யில் அம்பலமாகும். கிட்டில் அச்சடித்திருக்கும் 1768ஐ மிஷின் வந்த நாளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு டைப் செய்திருக்கிறேன், அது எங்கிருந்து வருகிறது என்று கல்லூரிக்குப் பிறகு அன்றுதான் போட்டுப் பார்த்தேன்.

காலையில் ஒரு சின்னச் சோதனை. எஸ்.ஜி.பி.டி. ரீஏஜென்டை அப்படியே உறிஞ்சி 340இல் பார்த்தோம், 1.51. அதையே சமமாகத் தண்ணீர் கலந்து பார்த்தோம். பீர், லாம்பெர்ட் விதிப்படி அடர்த்தி பாதியானால் அப்சார்பன்ஸும் பாதி, அதாவது 0.755 வர வேண்டும். வந்தது 0.79. ஒரு தடவையல்ல, மூன்று தடவையும். அடர்த்தியானதைக் குறைத்துச் சொல்கிறது, நீர்த்ததை ஓரளவு சரியாகச் சொல்கிறது. வேறு அலைநீள ஒளி கசிந்து டிடெக்டரில் விழுந்தால்தான் இப்படி ஆகும். நிஜ அப்சார்பன்ஸ் 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் கடந்து வர வேண்டும். அதோடு கசிவு ஒரு பங்கு சேர்ந்தால் மிஷின் கண்ணுக்கு இரண்டு பங்காகி, 1.70 என்று படிக்கும். எஸ்.ஜி.பி.டி. ஆரம்பிப்பதே உயரமான அப்சார்பன்ஸில், அதனால் அடி அதற்குத்தான் அதிகம்.

இதை எழுதி அனுப்பியதும் இன்ஜினியர் மறுபடி வந்தார், இந்தத் தடவை கையில் ஃபில்டரோடு. பழைய 340ஐக் கழற்றி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். ஓரம் முழுக்கப் பூச்சு உரிந்து, நடுவில் ஊசிக்குத்து மாதிரி புள்ளிபுள்ளியாக வெளிச்சம். “கடலோரம் இல்லையா சார், ஈரத்துல 340தான் முதல்ல போகும், எல்லா இடத்துலயும் இப்படித்தான்” என்றார் சாதாரணமாக. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று தெரிந்தவர் முதல் தடவை ஏன் பல்பை மாற்றினார்? கேட்டேன். “ஃபில்டர் ஸ்டாக் இல்ல சார்” என்றார். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, காசைக் கொடுத்தேன். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, பாவம், ஐந்து மாவட்டத்துக்கு ஒரே ஆள்.

புது ஃபில்டர் போட்டதும் 43.6. அதே ரீஏஜென்டைப் பாதி ஆக்கிப் பார்த்தால் பாதி வருகிறது.

பிறகுதான் நெஞ்சை அடைக்கிற வேலை. ஃப்ரிட்ஜில் இருந்த அந்த வார சீரங்களை எல்லாம் எடுத்துத் திரும்பப் போட்டோம். பெரும்பாலும் 22 என்பது 26 ஆனது, யாருக்கும் ஒன்றுமில்லை. டி.பி. மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கு மட்டும், நாங்கள் 98 என்று கொடுத்தது 121 வந்தது. அந்த மாத்திரைகள் ஈரலைப் படுத்தும், நார்மலின் மேல் எல்லையான 40ஐப் போல மூன்று மடங்கைத் தாண்டி, வாந்தி மஞ்சள்காமாலை என்று தொந்தரவும் இருந்தால் டாக்டர் மருந்தையே நிறுத்த வேண்டியிருக்கும். 98க்கும் 121க்கும் நடுவில்தான் அந்தக் கோடு. டாக்டருக்கு நானே போன் செய்து, தவறு எங்களுடையது என்று சொல்லி, மறுபடி ரத்தம் எடுத்து இலவசமாகச் செய்து கொடுத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இது நடந்தது போன வருடம். இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், போன வாரம் வந்த பில்லும் இதே 340க்குத்தான். ஒரு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. இந்தத் தடவை நாலாவது புள்ளியிலேயே பிடித்துவிட்டோம், மாதம் ஒருமுறை ரீஏஜென்டைப் பாதியாக்கிப் பார்க்கும் வழக்கம் வைத்திருக்கிறோம், மிஷினை ராத்திரி மூடிவைத்து உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறோம், ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்படியும் போயிற்று. ஃபில்டர் இருக்கிற சக்கரத்துக்கு ஒரு ரப்பர் வளையம் வைத்து மூடியிருந்தால் தீர்கிற விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது, நான் இன்ஜினியர் இல்லை, தப்பாகவும் இருக்கலாம்.

நியாயமாகச் சொன்னால், ஆறு வருடத்தில் போர்டு போனதில்லை, பிரிண்டர் மக்கர் செய்ததில்லை, சூடு அரை டிகிரி தவறியதில்லை, போட்ட காசை எப்போதோ எடுத்துவிட்டேன். தஞ்சாவூரில் இதே மிஷின் வைத்திருக்கிற நண்பருக்கு இன்னும் கம்பெனியில் வந்த அதே 340 ஓடுகிறது. அவரிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்பார், அவர் சொல்வதும் சரிதான்.

ஆனால் தம்பி, கேட்டது என்னிடம். வாங்காதே. வேளாங்கண்ணிக்கு வேண்டாம். விலை குறைத்தது எவ்வளவு என்று சொன்னாய், அது சரியாக இரண்டு ஃபில்டர், ஒரு பல்பு, இரண்டு தடவை இன்ஜினியர் வந்துபோகிற செலவு. இல்லை, இதையேதான் வாங்குவேன் என்றால், பேரம் பேசும்போது விலையைக் குறைக்கச் சொல்லாதே, 340 ஃபில்டர் இரண்டு கூடுதலாக, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் கேள்.