புத்தகமா, வகுப்பா, அட்டைப் பெட்டியா?

பெங்களூர் அல்சூருக்குக் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடைத்தெருவில் தமிழே போதும். கன்னடம் பஸ்ஸிலும் காய்கறிக் கடையிலும் பழகிவிட்டது. ஆங்கிலம்தான் வேலைக்குத் தேவைப்பட்டது. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். அன்றாட ஆங்கிலம் கற்கப் புத்தகம், வகுப்பு, அட்டைப் பெட்டி (சீட்டுகளில் எழுதி அறை அறையாகப் போட்டு, திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் பெட்டி) மூன்றையும் முயன்று பார்த்துவிட்டேன். என் ஓட்டு அட்டைப் பெட்டிக்குத்தான்.

தமிழ்வழி ஆங்கிலப் புத்தகம் மலிவு, நினைத்த நேரத்தில் திறக்கலாம் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்ததே. அதன் குறை எனக்குப் புரிந்தது ஒரு தொலைபேசி அழைப்பில். ஒரு பெண்மணி, "ஐ அம் அஃப்ரெய்ட் ஐ கான்ட் கம் டுடே" என்றார். புத்தகத்தில் 'அஃப்ரெய்ட்' என்றால் பயம். பல் பிடுங்கப் பயப்படுகிறார் போலிருக்கிறது என்று எண்ணி, வலிக்காது, தைரியமாக வாருங்கள் என்று தெரிந்த ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னேன். அவர் சொன்னதோ "மன்னிக்கவும், இன்று வர இயலாது" என்பதுதான். பாவம், இரண்டு முறை திருப்பிச் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தனிச்சொல்லைப் பொருளோடு உருப்போடுவதில் உள்ள சிக்கல் இது. நம் தமிழையே பாருங்கள். 'விடு' தெரியும், 'கொடு' தெரியும் என்பதால் வேற்று மொழிக்காரருக்கு 'விட்டுக்கொடு' புரிந்துவிடுமா? ஆங்கிலத்தில் 'லுக்' அப்படித்தான். 'லுக் ஃபார்' என்றால் தேடுவது, 'லுக் ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள்வது, 'லுக் இன்டு' என்றால் விசாரிப்பது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில மொழி ஆசிரியர் 1953இல் வெளியிட்ட புகழ்பெற்ற அடிப்படை ஆங்கிலச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள்தாம். ஆகவே பத்தாயிரம் சொல் தருகிறேன் என்னும் புத்தகத்தைத் தேடி அலைய வேண்டாம். கெட், புட், டேக் என்ற சின்னச் சொற்கள் எதனோடு சேர்ந்தால் என்ன பொருள் தருகின்றன என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

வகுப்புக்கு இந்திராநகரில் மூன்று மாதம் போனேன். கூச்சம் போயிற்று, வாய் திறந்தது. அந்த ஆசிரியைக்கு என்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். உச்சரிப்பைத் திருத்த எதிரே ஓர் ஆள் வேண்டும். அதில் வகுப்பை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் வகுப்பு முடிந்த அடுத்த மூன்று மாதத்தில் கற்றதில் பாதி கரைந்துவிட்டது.

என் முடிவைத் தீர்மானித்தது இப்படிக் கரைந்துபோனதுதான். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதலில் வெகு வேகமாகவும் பிறகு மெல்லவும் நடக்கிறது என்பது அவர் கண்டது. அப்படியானால் புதிதாகக் கற்றதை அடிக்கடியும் பழகியதை எப்போதாவதும் பார்த்தால் போதும். இதற்கு வசதியாக, ஐந்து அறைப் பெட்டி ஒன்றை செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் தம் நூலில் விளக்கினார்.

என்னுடையது காலியான மைசூர்பாகு டப்பா. உள்ளே அட்டை வைத்து ஐந்து தடுப்பு. கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கங்களை வெட்டிச் சீட்டுகள். ஒரு பக்கம் தமிழில் சந்தர்ப்பம்: 'டாக்டர் வரத் தாமதமாகும், காத்திருக்க முடியுமா என்று பணிவாகக் கேட்க.' மறுபக்கம்: 'தி டாக்டர் இஸ் ரன்னிங் லேட். வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?' அதன் கீழே சிவப்பு மையில், "'நோ' என்றால் சம்மதம்" என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா என்பதல்லவா கேள்வி! சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும்; தவறினால் மறுபடி முதல் அறை. முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுக்கிறேன். இப்படியே இடைவெளி கூடி, கடைசி அறை மாதம் ஒருமுறை. குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் அன்றைய சீட்டுகள் முடிந்துவிடும்.

கோயில் கொடைக்காகப் பத்து நாள் திருநெல்வேலிக்குப் போய்விட்டுத் திரும்பினேன். முதல் அறையில் பாதி மறந்திருந்தது. கடைசி இரண்டு அறைகளில் ஒன்றிரண்டே தவறின. எது போயிற்று, எது இருக்கிறது என்று பெட்டி காட்டிவிடுகிறது. புத்தகத்தில் இது நடக்காது. விட்டால் மறுபடி முதல் பக்கம்தான். என் புத்தகத்தில் முதல் இருபது பக்கம் விரல்பட்டுக் கறுத்திருக்கிறது. மீதி கடையில் வாங்கியபடியே இருக்கிறது. வகுப்போ நமக்காகக் காத்திருக்காது.

கைபேசிச் செயலிகளை இரண்டு வாரம்தான் பயன்படுத்தினேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்பக் கேட்கும் வேலையை அவையும் செய்கின்றன. ஆனால் நான் பார்த்ததில் வந்த வாக்கியங்கள் எதுவும் என் மேசைக்கு வருபவை அல்ல. சீட்டில் இருப்பவை அன்றன்று என் காதில் விழுந்தவை. பத்து நாளில் நேர்முகத் தேர்வு இருப்பவர் பெட்டியை நம்ப வேண்டாம், வகுப்புக்கே போகட்டும். பெட்டி பலன் தர எனக்கு இரண்டு மாதமாவது ஆயிற்று. உச்சரிப்பும் அதில் வராது. அதற்காக ஞாயிறு மாலைகளில் மதினியை எதிரே உட்கார வைத்து ஐந்தாம் அறைச் சீட்டுகளை வாய்விட்டுச் சொல்கிறேன். மதினி நோயாளி, நான் வரவேற்பு மேசை.