ஷில்லாங்கில் 'தெருவோர உணவு நடை' முன்பதிவு செய்யப் போகிறவர்கள் கவனத்திற்கு: 6,800 ரூபாய் போன கதை

ஷில்லாங்கின் தெருவோர உணவைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி, சுற்றுலா நடைகளை விற்கும் ஓர் இணையத் தளமும் அதன் வழியாக வந்த உள்ளூர் ஏற்பாட்டாளர் ஒருவரும் என்னிடமும் என் அக்காவிடமும் 6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, பூட்டிய கடைகளைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். தளத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே வகை நடையை வேறு பல தளங்களும் விற்கின்றன என்பதால், நடந்ததை அறிந்துகொள்வது எல்லோருக்கும் உதவும்.

விளம்பரத்தில் இருந்தவை இவை: இயூது எனப்படும் பரா பஜாரில் மேகாலயாவின் காசி இனப் பெண்கள் நடத்தும் ஜாடோ (இறைச்சிச் சோறு) கடைகள், லைதும்க்ரா பகுதியில் தேநீரும் அரிசி மாவுப் பண்டமான புதாரோவும், கடைசியாகப் போலீஸ் பஜாரின் சாலையோரத் தணலில் வாட்டிய இறைச்சி. உணவுச் செலவு அனைத்தும் கட்டணத்தில் அடக்கம். தலைக்கு 3,400 ரூபாய். தளத்தில் முன்பணமாக 1,800 கட்டினோம். நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்தே இருந்ததால் அந்த நாளையே தேர்ந்தெடுத்தோம்.

சனிக்கிழமை இரவு ஏற்பாட்டாளரே தொலைபேசியில் அழைத்தார். பன்றி இறைச்சி சாப்பிடுவோமா, அக்காவுக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமா, துங்ரிம்பாயின் புளித்த சோயா வாடை பழக்கமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கறுப்பு எள்ளை அரைத்துவிட்டுச் சமைக்கும் பன்றி இறைச்சிக் கறியான டோநெய்யோங் தன் சித்தி கடையில் மிகச் சிறப்பாக இருக்கும் என்றும், விடியுமுன்பே அடுப்பு மூட்டிவிடுவார் என்றும் சொன்னார். நமக்கு என்ன பிடிக்கும் என்று இவ்வளவு அக்கறையோடு கேட்கிற மனிதரை யாருக்குச் சந்தேகிக்கத் தோன்றும்? ஷில்லாங்கில் ஞாயிறு தேவாலயத்துக்குரிய நாள் என்று கேள்விப்பட்டிருந்ததால், சந்தை திறந்திருக்குமா என்று நான் நேரடியாகவே கேட்டேன். "கவலையே வேண்டாம் மேடம், நம் ஆட்களுக்காகக் கடையைத் திறந்து வைத்திருப்பார்கள், அதற்குத்தான் மீதிப் பணத்தை முன்கூட்டியே அவர்களிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது" என்றார். அவர் சொன்ன எண்ணுக்கு யுபிஐ வழியாக 5,000 ரூபாய் அனுப்பினேன். மொத்தம் 6,800.

மறுநாள் காலையில் ஏற்பாட்டாளர் வரவில்லை. ஓர் இளைஞரை அனுப்பியிருந்தார். இயூதுவின் சரிவான சந்துகளில் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. மற்ற நாட்களில் நெற்றிப் பட்டையில் கூடை தாங்கிய சுமைக்காரர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க முடியும் என்ற சந்தை அது. "ஞாயிற்றுக்கிழமை எப்போதும் மூடித்தான் இருக்கும்" என்று அந்த இளைஞர் சாதாரணமாகச் சொன்னார். சித்தி கடையைப் பற்றிக் கேட்டபோது, எந்தச் சித்தி என்று எங்களையே திருப்பிக் கேட்டார். பிறகு மாடியில் இருந்த ஓர் உணவகத்துக்கு அழைத்துப்போய், ஆளுக்கு ஒரு தட்டு மோமோவும் பொதுவாக ஒரு தட்டு சௌமீனும் வாங்கிக் கொடுத்து, இத்துடன் நடை முடிந்தது என்று கிளம்பிவிட்டார். இதற்கு 6,800 ரூபாய்!

ஏற்பாட்டாளர் முதலில் அழைப்பை எடுக்கவில்லை. எடுத்தபோது, மழைக்காலத்தில் எதையும் உறுதி சொல்ல முடியாது என்றார். அன்று ஒரு தூறல்கூட இல்லை. அதன்பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். தளத்தின் உதவிப் பிரிவிலோ, வழிகாட்டி வந்துவிட்டதால் சேவை வழங்கப்பட்டதாகவே பதிவாகியிருக்கிறது, ஆகவே 1,800 திரும்பக் கிடைக்காது என்றார்கள். 5,000 ரூபாய் தளத்துக்கு வெளியே கொடுக்கப்பட்டது, அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். என் தொலைபேசி எண்ணை அந்த ஆளிடம் கொடுத்தது யார் என்று கேட்டேன், பதில் இல்லை. மீண்டும் எழுதியபோது அடுத்த பயணத்துக்கு 300 ரூபாய் தள்ளுபடிச் சீட்டு அனுப்பி, உரையாடல் திருப்தியாக இருந்ததா, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டார்கள்.

வயிற்றெரிச்சலைக் கூட்டியது திங்கட்கிழமைதான். வழிகாட்டி யாரும் இல்லாமல் நாங்களே இயூதுவுக்குப் போனோம். ஒரு சிறிய ஜாடோ கடையில் பெஞ்சில் இடம்பிடித்து உட்கார்ந்தோம். இறைச்சியோடு சேர்த்து வேகவைத்த அரிசிச் சோறு, வெங்காயமும் இஞ்சியும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்த பன்றி இறைச்சியான டோக்லியே, கருவாட்டுத் துவையலான துங்தாப், பாலில்லாத சிவப்புத் தேநீர் எல்லாம் வந்தன. கடைக்கார அம்மா கண்ணாடிப் பெட்டியிலிருந்த ஒவ்வொன்றையும் விரலால் காட்டி, எது காரம் என்று சைகையிலேயே சொல்லிப் பரிமாறினார். இரண்டு பேருக்கும் சேர்த்து 300 ரூபாய்கூட ஆகவில்லை. இதைக் காட்டுவதற்குத்தான் 6,800 ரூபாய் வாங்கியிருந்தார்கள்.

போகிறவர்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இயூது நடை விற்பவர் எவராக இருந்தாலும் நம்பாதீர்கள். தனி எண்ணுக்கு மீதிப் பணம் கேட்டால் உரையாடலை அங்கேயே நிறுத்துங்கள். எந்தக் கடை, எந்த நேரம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் போய்விட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம், நானும் பதிந்திருக்கிறேன். அந்த விளம்பரம் இன்று காலையிலும் தளத்தில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இன்னும் திறந்தே இருக்கிறது.