எம்பசி ரீட் யூனிட்: கைக்கு வரும் பணத்தில் வாடகை எவ்வளவு, முதல் எவ்வளவு?

காட்பாடியில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகளில் பலர் நாகவாரா மான்யதா வளாகத்திலோ, வெளிவட்டச் சாலை டெக்வில்லேஜிலோதான் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். அந்தக் கட்டடங்களின் வாடகையில் பங்கு வாங்க சத்துவாச்சாரியில் இருப்பவருக்கும் வழி உண்டு. ரீட் என்றால் பலரிடம் பணம் திரட்டி, வாடகை வரும் கட்டடங்களை வைத்திருந்து, வாடகையைப் பங்கிடும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை. எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் ரீட் 2019 ஏப்ரல் 1 அன்று பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இந்தியாவில் சந்தைக்கு வந்த முதல் ரீட் இதுதான். வெளியீட்டு விலை யூனிட்டுக்கு 300 ரூபாய். எங்கள் மதிப்பீட்டில் இது நல்ல பொருள். ஆனால் ஓய்வுபெற்றவர்களிடம் இதை பேங்க் டெபாசிட் மாதிரி எடுத்துச் சொல்லி விற்கிறார்கள். அப்படி நினைத்து வாங்குபவர் இரண்டாவது ஆண்டே குழம்பிப் போவார்.

முதலில் இது கம்பெனி இல்லை, அறக்கட்டளை. நீங்கள் வாங்குவது ஷேர் அல்ல, யூனிட். கட்டடங்கள் தனித்தனித் துணை நிறுவனங்களின் பெயரில் இருக்கும். அவற்றை ரீட் வைத்திருக்கும். அன்றாட நிர்வாகத்தை மேலாளர் நிறுவனம் பார்க்கும். யூனிட்காரர்களின் சார்பில் டிரஸ்டி மேற்பார்வை செய்வார். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2014 விதிகள் இதற்குக் கட்டுத்திட்டம் போட்டிருக்கின்றன. சொத்தில் குறைந்தது 80 சதவீதம் கட்டி முடித்து வாடகை வரும் கட்டடமாக இருக்க வேண்டும். பங்கிடத் தகுந்த பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தைப் பங்கிட்டே ஆக வேண்டும். கடன், சொத்து மதிப்பில் 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எம்பசி சமீப ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவில் நிற்கிறது.

வேலூரில் வாடகை வருமானம் என்றால் ஆற்காடு ரோட்டிலோ காட்பாடி ரோட்டிலோ ஒரு கடை என்பதுதான் வழக்கம். 50 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று நாலரை லட்சம் அன்றைக்கே போய்விடும். அதற்கு முன் வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா என்று அலைச்சல். வாடகைக்கு இருப்பவர் காலி செய்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு போர்டு மாட்டி உட்கார வேண்டும். ரீட்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ஒரு யூனிட்கூட வாங்கலாம். பழைய 2 லட்சம், 50 ஆயிரம் என்ற குறைந்தபட்ச வரம்புகளை செபி 2021-ல் தளர்த்திவிட்டது. ஆனால் சொந்தக் கடையில் யாரை வைப்பது, எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்வது நீங்கள். இங்கே அந்த உரிமை உங்களிடம் இல்லை.

இனி பணத்துக்கு வருவோம். ஒவ்வொரு காலாண்டும் வரும் தொகை ஒரே இனம் அல்ல. டிவிடெண்ட், வட்டி, முதல் திருப்பம் (கடனாகக் கொடுத்த அசல் திரும்பி வருவது) என்ற மூன்றும்தான் பெரும்பகுதி, சில சமயம் 'மற்ற வருமானம்' என்று சிறு தொகையும் சேரும். வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி அடுக்கில் போகும், வரும்போதே 10 சதவீதம் பிடித்திருப்பார்கள். துணை நிறுவனம் குறைந்த வரி விகிதத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருந்தால் அதிலிருந்து வரும் டிவிடெண்டுக்கு உங்களிடம் வரி இல்லை. தேர்ந்தெடுத்திருந்தால் உண்டு.

பலர் கவனிக்காதது மூன்றாவதைத்தான். ரீட் தன் துணை நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த கடன் திரும்பி வந்து, அது உங்களுக்குப் பங்கிடப்படுகிறது. உங்கள் முதலில் ஒரு துண்டே திரும்பி வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2023 நிதிச் சட்டத்துக்குப் பிறகு இந்தத் தொகை உங்கள் வாங்கிய விலையிலிருந்து கழியும். கணக்குக்காக ஒரு யூனிட்டை 400-க்கு வாங்கியதாகவும், காலாண்டுக்கு 3 ரூபாய் இந்த வகையில் வருவதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12, ஐந்து ஆண்டில் 60. விற்கும்போது உங்கள் அடக்க விலை 400 அல்ல, 340. பழைய 400-ஐயே போட்டுக் கணக்குத் தாக்கல் செய்தால் லாபம் குறைவாகத் தெரியும், பிறகு நோட்டீஸ் வரும். எனவே ஒவ்வொரு காலாண்டும் மின்னஞ்சலில் வரும் பங்கீட்டு விவரத்தை அழிக்காமல் ஒரு கோப்பில் சேருங்கள். 'எட்டு சதவீதம் தருகிறது' என்று யாராவது சொன்னால், அதில் முதல் திருப்பம் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் பேச்சைக் கேட்டு வாங்க வேண்டாம்.

ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால லாபம். எல்லாப் பங்குகளையும் சேர்த்து 1.25 லட்சத்துக்கு மேல் உள்ள லாபத்துக்கு 12.5 சதவீதம். அதற்குள் விற்றால் 20. முன்பு 36 மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது, 2024 ஜூலைக்குப் பிறகு 12 மாதம்.

வாடகை எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். இத்தகைய அலுவலகக் குத்தகை பெரும்பாலும் 9 ஆண்டு அல்லது அதற்கு மேல் ஓடும். முதல் 3 முதல் 5 ஆண்டு வாடகைதாரர் காலி செய்ய முடியாது, பிறகு நோட்டீஸ் கொடுத்துப் போகலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 12 முதல் 15 சதவீதம் கூடும். சதுர அடி 60 ரூபாயில் தொடங்கினால் நான்காம் ஆண்டு 69, ஏழாம் ஆண்டு 79 ரூபாய் 35 காசு. அதற்குள் அக்கம்பக்கச் சந்தை 95-க்குப் போயிருந்தால், குத்தகை முடிந்து புது ஆள் வரும்போதுதான் அந்த இடைவெளி ரீட்டுக்குக் கிடைக்கும். சந்தை இறங்கியிருந்தால் அதே நாள் நஷ்ட நாள். ஆகவே காலாண்டு அறிக்கையில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதோடு, அடுத்த இரண்டு ஆண்டில் எவ்வளவு குத்தகை முடிகிறது என்பதையும் பாருங்கள். இன்னொன்று: 'இத்தனை லட்சம் சதுர அடி குத்தகைக்குப் போனது' என்ற செய்தி வந்தவுடன் பணம் வராது. உள்வேலை செய்ய வாடகைதாரருக்குச் சில மாதம் வாடகை விலக்கு கொடுப்பார்கள். ஆக, பணம் ஓரிரு காலாண்டு தாமதமாகத்தான் வந்து சேரும்.

காலி இடத்துக்கு ஒரு பெரிய காரணம், ஏற்றுமதி நிறுவனங்களுக்கு வரிச் சலுகை தரும் சிறப்புப் பொருளாதார மண்டலம். 2020 மார்ச் 31-க்குப் பிறகு அங்கே புதிதாகத் தொழில் தொடங்கும் நிறுவனத்துக்கு வருமான வரிச் சலுகை நின்றுபோனது. சலுகை வேண்டாதவரை அந்த மண்டலத்துக்குள் வைக்கவும் முடியாது. வெளியே இடம் கேட்டு ஆள் நிற்க, உள்ளே மாடி மாடியாகக் காலி. 2023 டிசம்பரில்தான் ஒரு மாடியை மட்டும் மண்டலத்திலிருந்து பிரிக்க விதி மாறியது. பிரிக்கும் பகுதிக்கு முன்பு வாங்கிய வரிச் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும், அனுமதிக்கும் நாளாகும். அறிக்கையில் மண்டலத்துக்குள் உள்ள காலியையும் வெளியே உள்ள காலியையும் தனித்தனியே பார்த்தால் நிலவரம் சரியாகப் புரியும்.

விலை விஷயத்தில் ஏமாற வேண்டாம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5 சதவீதமாக ஏற்றியது. டெபாசிட்டிலேயே கூடுதல் வட்டி கிடைத்ததால் ரீட்டுகளுக்கு மவுசு குறைந்தது, எம்பசி விலையும் 2023-ல் வெளியீட்டு விலையை ஒட்டி இறங்கியது. மகள் கல்யாணத்துக்கு அடுத்த ஆண்டு தேவைப்படும் பணத்தை இதில் போடவே கூடாது.

வாங்குவது எளிது. ஆதார், பான் வைத்து டீமேட் கணக்கு (பங்கு, யூனிட்டுகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) திறந்து, தேசியப் பங்குச் சந்தையில் எம்பசி என்று தேடுங்கள், ரீட்டுகளுக்கான ஆர்ஆர் வரிசையில் இருக்கும். பெரிய கம்பெனிப் பங்கு அளவுக்குப் புழக்கம் இல்லாததால் சந்தை விலைக்கு ஆர்டர் போடாமல், நீங்களே விலை வரம்பு சொல்லும் லிமிட் ஆர்டர் போடுங்கள். ஆண்டுக்கு இருமுறை தனி மதிப்பீட்டாளர் கணக்கிட்ட நிகரச் சொத்து மதிப்பு (கடன் போக யூனிட்டுக்கு உள்ள சொத்து மதிப்பு) வெளிவரும், அதோடு விலையை ஒப்பிடுங்கள். பங்கீடு வேண்டுமானால் ரெக்கார்டு தேதிக்கு (பங்கீடு யாருக்கு என்று பட்டியல் எடுக்கும் நாளுக்கு) முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். டீமேட்டோடு இணைத்த வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா, வங்கி இணைப்பால் ஐஎஃப்எஸ்சி எண் மாறியதா என்று பாருங்கள். பணம் வராமல் போவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. நாமினி பெயரையும் அப்போதே பதியுங்கள்.

எம்பசியின் குறை, சொத்து மதிப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு பெங்களூரில் குவிந்திருப்பது. 2024-ல் வாங்கிய பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை ஸ்ப்ளெண்டிட் டெக்ஸோன்தான் சென்னையில் இதற்கு உள்ள வளாகம். பெங்களூரையே நம்ப வேண்டாம் என்பவர்கள் ஹைதராபாத், மும்பை வட்டாரம், புனே என்று பரவி, சென்னை போரூரிலும் கட்டடம் வைத்திருக்கும் மைண்ட்ஸ்பேஸ் ரீட்டைப் பாதிக்குப் பாதி சேர்க்கலாம். நம்மூர் மேல்மொணவூர் மினி டைடல் எந்த ரீட்டிலும் இல்லை, அது அரசு சார்ந்த டைடல் நிறுவனத்தின் கட்டடம்.